வெயில் வந்த நாளே துணி நாள்: நீலகிரி வீடுகளில் அன்றைய சலவை

கோத்தகிரியில் பாட்டி இருந்த வீட்டைக் காலி செய்தபோது அட்டாலியில் மூன்று பொருள்கள் கிடைத்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். கண்ணு கண்ணாகப் பின்னிய பெரிய மூங்கில் கூடை, மூலையில் கறுப்புப் புள்ளிகள் உள்ள பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பு, ஒரு கறுப்புக் கம்பளி. கோழியே வளர்க்காத வீட்டில் பஞ்சாரம் எதற்கு, அந்தப் புள்ளி ஏன் போகவே மாட்டேன் என்கிறது, கம்பளியை எப்படித் துவைப்பது, மாதக்கணக்கில் வெயில் முகம் காட்டாத ஊரில் அந்தக் காலத்தில் துணி வேலை எப்படி நடந்தது. இவைதான் உங்கள் கேள்விகள்.

நான் பிறந்து வளர்ந்தது குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டில். எங்கள் அம்மாயி, அம்மாவின் அம்மா, கல்யாணமாகி அவிநாசிப் பக்கத்திலிருந்து மலைக்கு வந்தவர். அவர் சொன்னதும், அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் நானே பார்த்ததும், பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்ந்ததுதான் இந்தப் பதில்.

முதலில் கூடை. அது பஞ்சாரம் இல்லை. உள்பக்கத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். உச்சிப் பக்கம் மட்டும் புகையேறி மினுமினுப்பாகப் பழுப்பேறியிருக்கும். துணி காய வைக்கிற கூடை அது. மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஏன் என்பது புரிய, மலைச் சலவையில் எது சுலபம், எது பாடு என்று தெரிய வேண்டும். துவைப்பது அரை நாள் வேலை. காய வைப்பது மூன்று நாள் வேலை, சில சமயம் ஒரு வாரம். எந்தத் துணியை வாங்குவது, எதை எப்போது நனைப்பது, எதை நனைக்கவே கூடாது என்று வீட்டுப் பெண்கள் முடிவு செய்ததெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

துவைப்பது சுலபம் என்றதற்குக் காரணம் தண்ணீர். கீழே சமவெளியில் பல ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து தயிர் திரிந்த மாதிரி ஒரு பிசுக்காகி, துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். நுரை வராது. மலையில் அப்படி இல்லை. மழைத்தண்ணீர் கடினமான கருங்கல் மேல் ஓடி வருகிறது, அந்தக் கல் அதிகம் கரைவதில்லை. அதனால் ஓடைத் தண்ணீர் மென்மையானது. அம்மாயி வந்த புதிதில் ஊர்ப் பழக்கத்தில் சோப்பை அழுத்தித் தேய்த்துவிட்டு, நுரையை அலசி முடிக்க முடியாமல் திண்டாடினாராம். “இந்தத் தண்ணிக்குச் சோப்பைக் காட்டினாலே போதும்” என்று கடைசிவரை சொல்லுவார்.

ஆனால் அதே தண்ணீர் மார்கழியில் எலும்பைக் குடையும். குளிர்ந்த நீரில் சோப்பு சரியாகக் கரையாது, துணியில் வெள்ளை வெள்ளையாகத் தங்கிவிடும். அதனால் 501 பார் சோப்பைக் கத்தியால் சீவி, வெந்நீர் அடுப்பில் ஒரு சட்டியில் போட்டுக் கூழாகக் கரைத்து வைத்துக்கொள்வார்கள். அந்த 501 டாடா ஆயில் மில்ஸ் தயாரிப்பு. மளிகைக் கடையில் நீளப் பாளமாக இருக்கும், கேட்கிற அளவுக்குக் கம்பியால் அறுத்துக் கொடுப்பார்கள். ஒரு கரண்டி சோப்புக்கூழ், ஒரு குவளை வெந்நீர், மீதி பச்சைத் தண்ணீர். முதல் ஊறல் மட்டும்தான் சூடு. அலசுவது ஓடையிலோ குழாயிலோ பச்சைத் தண்ணீரில்தான். இரண்டாவது அலசலில் விரல் மரத்துப் போகும். அம்மா நடுவில் எழுந்துபோய் அடுப்புக்கு முன் கையைக் காட்டிவிட்டு வருவார். விரல் மடிப்புகளில் வெடிப்பு விட்டு ரத்தம் கசியும். இரவில் விளக்கெண்ணெய் தடவிப் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பார். தேங்காய் எண்ணெய் எங்கே, அது புட்டியில் கல்லாக உறைந்து கிடக்கும். பழைய சலவை முறைகளை இன்று சிலர் அழகாக எழுதுகிறார்கள். அந்தக் கைகளைப் பார்த்தவர்களால் அப்படி எழுத முடியாது.

சோப்புக்கு முன்னால் என்ன என்று கேட்டால், நம் ஊருக்குக் கடைச்சோப்பு வந்ததே அப்படியொன்றும் பழைய கதை இல்லை. சன்லைட் சோப்பு கப்பலில் கல்கத்தாவில் இறங்கியது 1888-ல். அதுவும் முதலில் துரைமார் பங்களாக்களுக்குத்தான். சாதாரண வீடுகளில் பூந்திக்கொட்டை, அடுப்புச் சாம்பல், உவர்மண் இந்த மூன்றும்தான் வேலை செய்தன. சலவைத்தூள் என்பது 1959-ல் சர்ஃப் வந்த பிறகு. அது கைக்கு எட்டும் விலையில் வீட்டுக்கு வீடு நுழைந்தது, 1969-ல் தொடங்கிய நிர்மா தெற்கே பரவிய பிறகு.

பூந்திக்கொட்டை மரம் சமவெளியிலும் அடிவாரத்திலும் வளர்வது. எங்களுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து வரும். கொட்டையை நீக்கித் தோலை மட்டும் இரவே வெந்நீரில் போட்டுவைத்தால் காலையில் பழுப்பு நிறத்தில் நுரைக்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் இதைவிட நல்லது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாம்பல் தண்ணீர் எடுப்பது தனி வேலை. அடியில் ஓட்டையுள்ள பழைய பானையில் வைக்கோல் பரப்பி, மேலே சலித்த சாம்பலை அழுத்தி நிரப்பி, தண்ணீரை மெல்ல ஊற்றுவார்கள். கீழே வைத்த சட்டியில் தேயிலைச் சாயம் போலச் சொட்டும். விரலால் தொட்டால் வழுக்கும். விறகுச் சாம்பலில் உள்ள பொட்டாசியம் காரம் அது. எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடும், தோலையும் அரித்துவிடும். மலையில் விறகுக்குப் பஞ்சமில்லை. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து வைத்த சீகை மரமும், 1843 முதல் நட்ட கற்பூர மரமும், அதாவது நீலகிரித் தைல மரமும், வீட்டுக்கு வீடு எரிந்தன. சாம்பல் மலிந்து கிடந்தது.

இப்போது அந்தப் படுக்கை விரிப்பின் மூலைக்கு வாருங்கள். புள்ளியோ கோடோ, இரண்டும் சேர்ந்ததோ, அது சலவைக் குறி. வண்ணான் குறி என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். சேராங்கொட்டைச் சாற்றில் போட்டது. கொட்டையை ஊசியால் குத்தினால் பிசின் போல ஒரு சாறு வரும். அதே ஊசி முனையால் துணி மூலையில் குறியை வைத்து, மேலே ஈரச் சுண்ணாம்பைத் தடவினால் கண்முன்னே கன்னங்கரேல் என்று ஆகிவிடும். அப்புறம் சோடாவில் ஊறினாலும், ஆவியில் வெந்தாலும், வெயிலில் கிடந்தாலும் அது போகாது. துணி கிழிந்தாலும் குறி கிழியாது என்பார்கள், உண்மைதான். ஆகவே ப்ளீச்சிங் பவுடரெல்லாம் போட்டு முயற்சி செய்யாதீர்கள். குறி போவதற்கு முன் விரிப்பு போய்விடும்.

வீட்டுக்கு ஒரு குறி. எங்கள் வீட்டுக்கு இரண்டு புள்ளியும் பக்கத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறியும். எங்கள் டோபி அண்ணன் நாற்பது ஐம்பது வீட்டுத் துணியை ஒன்றாக வேக வைத்துவிட்டு, மூலையை மட்டும் புரட்டிப் பார்த்து அந்தந்த வீட்டு மூட்டையில் போடுவார். ஒரு நாளும் மாறியதில்லை. அவர் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நிரந்தரமாகக் கறுத்துத் தடித்திருக்கும். சேராங்கொட்டைச் சாறு பட்டால் சிலருக்குத் தோல் கொப்பளித்துவிடும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குச் சட்டைக் காலர் குறி பட்ட இடத்தில் புண் வந்து, மருத்துவர்கள் அதற்கு டோபி மார்க் டெர்மடைட்டிஸ் என்றே பெயர் வைத்தார்கள். அந்தச் சாறோடு ஆயுள் முழுக்கப் புழங்கியவருடைய விரலை எந்த மருத்துவர் பார்த்தார்?

அவர் செய்த வெள்ளாவி எப்படியென்றால், விரிப்பு, வேட்டி, தலையணை உறை இவற்றை உவர்மண்ணோ சலவைச் சோடாவோ கரைத்த தண்ணீரில் முக்கிப் பிழிந்து, பெரிய பானையின் வாய்மேல் கோபுரமாகச் சுற்றி அடுக்குவார். பானையில் தண்ணீர், அடியில் தீ. ஆவி நடுவில் ஏறித் துணிக்குள் பரவும். அழுக்கும் எண்ணெயும் காரத்தில் இளகும், பேனும் கிருமியும் சாகும். விடிந்ததும் துறைக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடிப்பது. மலையில் ஒரு சங்கடம் உண்டு. உயரம் ஏற ஏறத் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதி வந்துவிடும், ஆவிக்கும் சூடு அவ்வளவுதான். ஆக, கீழே வைப்பதைவிட இங்கே கூடுதல் நேரம் வைக்க வேண்டும். சாயங்காலம் மூட்டிய தீயை விடிய விடிய அணைய விடமாட்டார். அந்தக் குளிரில் அவர் வீட்டுப் பிள்ளைகள் வெள்ளாவி அடுப்பைச் சுற்றித்தான் படுத்திருப்பார்கள்.

கீழ்நாட்டு ஊர்களில் சலவைக் குடும்பங்களை நடத்திய விதம் கொடுமை. பிள்ளைப்பேற்றுத் துணியும் தீட்டுத் துணியும் சாவு வீட்டுத் துணியும் அவர்கள் தலையில். கூலியாகப் பழைய சோறு. மலை நகரங்களில் அது கொஞ்சம் மாறியிருந்தது. உருப்படிக்கு இவ்வளவு என்று நோட்டில் எழுதி மாதம் பணம். வெலிங்டன் ராணுவக் குடியிருப்பு, பங்களாக்கள், ஓட்டல்கள் என்று நிலையான வேலையும் இருந்தது. என்றாலும் துணி வாங்க வந்தவர் எங்கள் வாசல் திண்ணையைத் தாண்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

படுகர் ஹட்டிகளில், அதாவது அவர்கள் ஊர்களில், இந்த ஏற்பாடே இல்லை. தோடர், கோத்தர், குறும்பர், படுகர் என்ற மலை மக்களுக்குள் இருந்த பழைய கொடுக்கல் வாங்கலில் பால், நெய், இரும்புச் சாமான், பானை, காட்டுப் பொருள் என்று எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு, சலவைக்கென்று ஒரு தனிக் குடி கிடையாது. அவரவர் துணியை அவரவர் ஓடையில் துவைத்துக்கொண்டார்கள். அதிலும் படுகர்களின் உடை வெள்ளை. பேரகணியில் ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வெள்ளை உடுத்தி வரிசையாக நடந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். பண்டிகை நெருங்கும் நாட்களில் எங்கள் பக்கத்து ஹட்டியின் புல் சரிவெல்லாம் வெள்ளை வெள்ளையாக விரிந்து கிடக்கும்.

அப்படிப் புல்லில் விரிப்பதில் காரணம் இருக்கிறது. பனிக்காலத்தில் இரவு குளிர் கடுமையாக இருந்தாலும் பகலில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். அந்த உயரத்தில் வெயிலில் புற ஊதாக் கதிர் அதிகம். ஈரத்துணியைப் பச்சைப் புல்லில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் மஞ்சள் கறை தானாக வெளுக்கும். தை மாதத்தில் நான்கு நாள் அப்படிச் செய்தால் நீலமே வேண்டியதில்லை.

அதே தை மாதத்தில் துணியை மறந்து இரவில் கொடியிலேயே விட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஊட்டியில் காந்தல், தலைக்குந்தா பக்கம் உறைபனி விழும் இடங்களில் பார்க்க வேண்டும். ஊட்டிப் பெரியம்மா வீட்டில் ஒரு காலை நான் கொடியில் கிடந்த பெரியப்பாவின் வேட்டியை இழுத்தேன். மடங்கவில்லை. பலகை மாதிரி நின்றது. தட்டினால் அப்பளம் போலச் சத்தம் வந்தது, மடிப்பில் கண்ணாடித் தூள் மாதிரி உதிர்ந்தது. “மடிக்காதே, நூல் ஒடிஞ்சிரும்” என்று பெரியம்மா ஓடி வந்தார். அப்படியே விட்டுவிட்டு வெயில் ஏறியதும் பார்த்தால் வேட்டி பாதி காய்ந்திருந்தது. வறண்ட காற்றிலும் வெயிலிலும் பனிக்கட்டி நீராகாமலே நேராக ஆவியாகிப் போகும். பெரியம்மா அதைப் ‘பனி குடிச்சிருச்சு’ என்று சொல்லுவார்.

இவை நல்ல மாதங்கள். பாடு மழைக்காலத்தில்தான். நீலகிரியில் மழை ஊருக்கு ஊர் மாறும். கூடலூர், நடுவட்டம் பக்கம் ஆனி, ஆடியில் கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகைதான் பெரிய மழை. மழை நின்றாலும் மேகம் இறங்கி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். கொடியில் போட்ட துணி காலையில் எவ்வளவு ஈரமோ சாயங்காலமும் அவ்வளவு ஈரம். மூன்றாம் நாள் புளித்த வாடை வரும், ஐந்தாம் நாள் கரும்புள்ளி பிடிக்கும். கஞ்சி போட்ட துணியில் பூஞ்சணம் இன்னும் சீக்கிரம் ஏறும், அதற்குக் கஞ்சிதான் சாப்பாடு. அதனால் ஐப்பசியில் எங்கள் வீட்டில் கஞ்சி கிடையாது, நீலம் கிடையாது, விரிப்பு துவைப்பதும் கிடையாது. உள்துணி, பள்ளிச்சட்டை, குழந்தைத் துணி மட்டும்தான். ஒரு வருடம் கல்யாண வீட்டு விரிப்புகளைப் பிழிந்து மூட்டை கட்டி, அப்பா பஸ்ஸில் மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டுக்குக் கொண்டுபோனார். முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். மழை விட்ட இடைவெளியில் ஒரே மத்தியானத்தில் காய்ந்துவிட்டதென்று சாயங்காலமே மடித்துக் கொண்டுவந்தார்.

வீட்டிலேயே காய வைக்க இரண்டு இடம். ஒன்று, அடுப்புக்கு மேலே கட்டிய கொடி. காயும், ஆனால் துணியெல்லாம் புகை வாடை. பள்ளியில் யார் வீட்டில் என்ன விறகு என்று சட்டையை மோந்து சொல்லலாம். இன்னொன்று உங்கள் கூடை. சீகை மரத்துக் கரியைச் சட்டியில் போட்டுப் புகை அடங்கும்வரை வெளியே வைத்து ஊதி, கனல் சிவந்ததும் உள்ளே கொண்டுவந்து மேலே லேசாகச் சாம்பல் தூவுவார்கள். அதன்மேல் கூடையைக் கவிழ்த்து, வெளிப்பக்கம் துணியைப் போர்த்தி, கால் மணிக்கு ஒரு தரம் திருப்பிப் போட வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் பகல் முழுக்க அந்தக் கணப்பு அணையாது. கடைசியில் ஒரு சிட்டிகை சாம்பிராணி. வெதுவெதுப்பான அந்தத் துணியைக் குழந்தைக்குச் சுற்றும்போது வருகிற மணம், என் தம்பி பிறந்த மாதத்து மணம், எனக்கு இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம். நீங்கள் ஆசைக்குச் செய்து பார்ப்பதாக இருந்தால் கதவு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். மூடிய அறையில் கரிக்கனல் வாடையே இல்லாத நச்சுப்புகையை விடும். அதோடு தூங்கிப்போனவர்கள் எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள். அம்மாயி படுக்கப் போகுமுன் சட்டியைத் தன் கையால் வெளியே வைத்துவிட்டுத்தான் தாழ் போடுவார்.

அந்தக் கூடையிலும் இடம் கிடைக்காத துணி ஒன்று உண்டு. பெண்களின் மாதவிலக்குத் துணி. யார் கண்ணிலும் படக்கூடாது என்று மற்றத் துணிக்கு அடியிலோ விறகுக்குப் பின்னாலோ போடுவார்கள். கீழ்நாட்டு வெயிலில் அடியில் கிடந்தாலும் காய்ந்துவிடும். மலையில் காயாது. அரை ஈரத்தோடு திரும்பக் கட்டிக்கொண்டு, அரிப்பும் புண்ணுமாக அந்தப் பெண்கள் பட்ட அவதியை வெளியே சொன்னதில்லை. என் அக்கா அவளுக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் என்னிடம் சொன்னாள். பழைய சலவையைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிடுவது நியாயமில்லை.

தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பத்து வீட்டுக்கு ஒரு குழாய். அங்கே துணி வேலை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். தேயிலைச் சாறு பட்ட இடம் கறுத்துப் பழுப்பேறிப் போகும், எதற்கும் மசியாது. ஆகவே வேலைத் துணி வேறு, வீட்டுத் துணி வேறு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள் தண்ணீர் விழும் இடத்தைப் பீலி என்பார்கள், சோப்பைச் சவர்க்காரம் என்பார்கள். ‘பீலிக்குப் போறேன்’ என்றால் துவைக்கப் போகிறார்கள் என்று எங்களுக்கும் பழகிவிட்டது.

கடைசியாகக் கம்பளி. ஆட்டு ரோமத்தில் நெய்த அந்தக் கறுப்புக் கம்பளியை மாதாமாதம் துவைக்கவே மாட்டார்கள். மழையில் போர்த்திக்கொண்டு போய்வந்தால் உதறிக் கட்டிவைப்பது, வெயில் கண்ட நாளில் திருப்பித் திருப்பி விரிப்பது, இவ்வளவுதான். வருடத்தில் ஒரு தரம், மாசி, பங்குனியில், ஓடையில் தட்டைக் கல்மேல் போட்டுக் காலால் மிதிப்பார்கள். வெந்நீரும் சோடாவும் அதற்கு விஷம். ரோம இழையில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூடு, காரம், கசக்கல் மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு இறுகிவிடும், திரும்பப் பிரியாது. அம்மா ஒரு மார்கழி முழுக்க உட்கார்ந்து பின்னிய அப்பாவின் ஸ்வெட்டரை, வெளுக்கக் கொடுத்த இடத்தில் யாரோ வெள்ளாவியோடு சேர்த்துவிட்டார்கள். என் ஆறு வயதுத் தம்பிக்குப் பொருந்துகிற அளவில் திரும்பி வந்தது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றது நினைவிருக்கிறது.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். வெயில் தொடர்ந்து அடிக்கிற நாட்களாகப் பார்த்து, ஒரு வாளிக்கு இரண்டு கைப்பிடி பூந்திக்கொட்டைத் தோலை முந்தின இரவே வெந்நீரில் ஊற வைத்து, காலையில் கசக்கி வடிகட்டி, நன்றாக ஆறிய தண்ணீரோடு கலந்து கொள்ளுங்கள். முதலில் ஒரு மூலையை மட்டும் நனைத்து வெள்ளைத் துணியால் ஒற்றிச் சாயம் விடுகிறதா என்று பார்த்துவிட்டு, கம்பளியைக் கால் மணி நேரம் ஊற விடுங்கள். தேய்க்க வேண்டாம், அழுத்தி அழுத்தி எடுத்தால் போதும். மூன்று தண்ணீர் அலசுங்கள், மூன்றும் ஒரே குளிர்ச்சியாக இருக்கட்டும். முறுக்கிப் பிழியாமல், பழைய விரிப்பில் வைத்துச் சுருட்டி மேலே ஏறி மிதித்தால் தண்ணீர் இறங்கிவிடும். கொடியில் தொங்கவிட்டால் ஈர கனத்தில் நீண்டுவிடும், ஆகையால் கயிற்றுக் கட்டிலில் பரப்பிக் காய வையுங்கள். மேகம் இறங்கிவிட்டதென்றால் பயப்படாதீர்கள், கூடைதான் கையில் இருக்கிறதே.